கடைசிப் பரீட்சை எழுதாத மாணவர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தாங்கள் எப்படி முன்னுக்கு வந்தோம் என்று சொல்வார்கள். அந்த அளவுக்கு நான் இன்னும் முன்னுக்கு வரவில்லை. படிப்பை முடித்து வெளியே போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. அதில் பெரும்பகுதி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், உற்பத்திப் பிரிவில். ஆகவே என்னைப் பற்றிப் பேசாமல் இன்னொருவரைப் பற்றிப் பேசலாம் என்று சங்கச் செயலாளரிடம் அனுமதி கேட்டேன். யாரைப் பற்றி என்றார். தோழர் என். சங்கரய்யாவைப் பற்றி என்றேன். "அரசியல் ஆயிடுமேப்பா" என்று கொஞ்சம் தயங்கினார். நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. அவர் கட்சிக்கு ஓட்டுக் கேட்கவும் வரவில்லை. ஒரு கல்லூரி மாணவரின் கதையாகத்தான் இதைச் சொல்லப் போகிறேன்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் 1937இல் ஒரு பையன் சேருகிறான். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் 1922இல் பிறந்து, மதுரையில் வளர்ந்தவன். வரலாறு படிக்கிறான், நன்றாகவும் படிக்கிறான். அதோடு மாணவர் சங்க வேலையும் பார்க்கிறான். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். வெள்ளைக்கார அரசாங்கத்தை எதிர்த்து ஒரு துண்டறிக்கை அச்சிட்டாலே ஜெயில்தான். 1941 பிப்ரவரியில் போலீஸ் வந்து கைது செய்கிறது. பி.ஏ. இறுதித் தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. அந்தத் தேர்வை அவர் எழுதவில்லை. அப்போது மட்டும் இல்லை, கடைசி வரைக்கும் எழுதவில்லை.

தம்பிகளே, உங்களில் சிலருக்கு அரியர் இருக்கும். ஒரு பேப்பர் நின்று போனாலே வாழ்க்கை நின்று போன மாதிரி நினைக்கிற வயசு இது. அந்தப் பையனுக்கு எல்லாப் பேப்பரும் நின்று போயின. ஆனால் படிப்பு நிற்கவில்லை. அதுதான் இந்தப் பேச்சின் சாரம். மீதியெல்லாம் விளக்கம்தான்.

சிறையிலிருந்து வெளியே வந்தார். மாணவர் சம்மேளனம், பிறகு மதுரை மாவட்டக் கம்யூனிஸ்ட் கட்சி என்று பொறுப்புகள் வந்தன. மறுபடியும் கைது. மதுரைச் சதி வழக்கு என்ற பெயரில் பி. ராமமூர்த்தி முதலானவர்களோடு அவரையும் உள்ளே வைத்தார்கள். 1947 ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திரத்துக்கு முதல் நாள், விடுதலை ஆனார். நாடு விடுதலை ஆனதும் கஷ்டம் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. 1948இல் கட்சி ஒடுக்குமுறைக்கு ஆளானது, அவர் தலைமறைவானார். ஆக மொத்தம் சுமார் எட்டு வருஷம் சிறை, சுமார் மூன்று வருஷம் தலைமறைவு. நாம் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரைக்கும் படித்த காலத்தைவிட அதிகம்.

இங்கே நம் ஊர்ப்பக்கத்துச் செய்தி ஒன்று. நம்மில் பலர் தினமும் ஏறுகிற கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை வழியாகத்தான் வருகிறது. அதற்குப் பக்கத்து வண்ணாரப்பேட்டையில்தான் 1952 பொதுத்தேர்தலில் ப. ஜீவானந்தம் ஜெயித்துச் சென்னை சட்டசபைக்குப் போனார். சங்கரய்யாவின் தலைவர் பி. ராமமூர்த்தியோ சிறையில் இருந்தபடியே மதுரையில் ஜெயித்தார். அன்றைக்கு ஆந்திரப் பகுதியும் சேர்ந்த பெரிய சென்னை மாகாணம். 375 இடங்களில் கம்யூனிஸ்டுகள் 62. காங்கிரசுக்கு 152தான், பெரும்பான்மை இல்லை. ராஜாஜியை அழைத்து வந்து முதலமைச்சராக்க வேண்டியிருந்தது. துப்பாக்கியும் தடையும் பார்த்துவிட்டு வந்த ஒரு கட்சி, ஓட்டுப்பெட்டியையும் சட்டசபையையும் எடுத்துக்கொண்ட காலம் அது.

சங்கரய்யா சட்டசபைக்குப் போனது அதற்குப் பதினைந்து வருஷம் கழித்து. நடுவில் 1964 ஏப்ரலில் டெல்லியில் கட்சியின் தேசியக் கவுன்சில் கூட்டத்திலிருந்து 32 பேர் வெளிநடப்புச் செய்தார்கள். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி அதிலிருந்துதான் பிறந்தது. அந்த 32 பேரில் இவர் ஒருவர், கேரளத்தின் வி.எஸ். அச்சுதானந்தன் இன்னொருவர். 2023 நவம்பரில் இவரும் 2025 ஜூலையில் அவரும் மறைந்தார்கள்.

1967இல் மதுரை மேற்கு. 1977லும் 1980லும் மதுரை கிழக்கு. மூன்று முறை சட்டமன்ற உறுப்பினர். மந்திரி ஆனதில்லை. வாரியத் தலைவர் ஆனதில்லை. ஒரு பாலத்திலோ பஸ் நிலையத்திலோ திறந்து வைத்தவர் என்று அவர் பெயர் கல்வெட்டில் இருந்தால் எனக்குத் தெரியாது, நான் பார்த்ததில்லை.

இன்ஜினியர்கள் நாம், கணக்கு பார்க்காமல் விடமாட்டோம் இல்லையா? பார்ப்போம். 1967இல் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 11 இடம், தி.மு.க. கூட்டணியில். 1971இல் தனியாக நின்றார்கள், பூஜ்யம். 1977இல் 12, 1980இல் 11, இரண்டும் அ.தி.மு.க. கூட்டணியில். சபையின் மொத்தம் 234. அதாவது நூற்றுக்கு ஐந்து பேர். "கூட்டணி மாத்தி மாத்தி நின்னவங்கதானே" என்று நீங்கள் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். பூஜ்யத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே இருந்தது கூட்டணிதான் என்பதைக் கணக்கே சொல்கிறது. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் அது சரியான ரிப்போர்ட் ஆகாது.

ஆனால் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். 234இல் 11 பேர் இருந்து என்ன செய்ய முடியும்? ஓட்டெடுப்பில் எதையும் ஜெயிக்க முடியாது. ஒரு மந்திரியைக்கூட மாற்ற முடியாது. அவர்கள் கையில் இருப்பவை சின்னச் சின்னக் கருவிகள். கேள்வி நேரத்தில் கேள்வி, அதற்குத் துணைக் கேள்வி, கவன ஈர்ப்புத் தீர்மானம், மானியக் கோரிக்கையின் மேல் வெட்டுத் தீர்மானம், மசோதாவின் ஒரு பிரிவுக்கு ஒரு திருத்தம். இவற்றில் ஒன்றையாவது உருப்படியாகப் பயன்படுத்த வேண்டுமானால் மசோதாவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்திருக்க வேண்டும். பெரிய கட்சி உறுப்பினர் படிக்காமல் வந்தாலும் கை தூக்கினால் போதும். சின்னக் கட்சி உறுப்பினருக்கு அந்தச் சலுகை கிடையாது. பரீட்சை எழுதாமல் போனவருக்கு வாழ்க்கை முழுக்கத் தினம் ஒரு பரீட்சை!

அவர் இருந்த சபைகளில் நடந்தவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன். இவற்றை அவர்தான் கொண்டுவந்தார் என்று நான் சொல்லவில்லை. கொண்டுவந்தவை அரசாங்கங்கள். அவரும் அந்தச் சபையில் இருந்தார், அவருடைய இயக்கம் வெளியே தெருவில் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

முதலாவது, நம் மாநிலத்தின் பெயர். 1967 ஜூலை 18 அன்று சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானத்தை அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சபை ஒருமனதாக நிறைவேற்றியது. அதற்குச் சில வருஷம் முன்பே மாநிலங்களவையில் இந்தப் பெயர் மாற்றத்துக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் பூபேஷ் குப்தா என்ற வங்காளத்துக் கம்யூனிஸ்ட். அன்று அது தோற்றது. தோற்ற மசோதா வீணாகவில்லை.

இரண்டாவது, கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்திருந்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அந்த நாடே தலைகுனிந்த நிகழ்ச்சிக்குப் பிறகு 1969இல் தஞ்சைப் பகுதிக்கு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. சட்டம் வந்தது சபையில். அதற்கான விலை வயல்காட்டில் கொடுக்கப்பட்டிருந்தது.

மூன்றாவதுதான் நம் கும்மிடிப்பூண்டிக்கு நேராக வருவது. 1981ஆம் வருஷம், எம்.ஜி.ஆர். முதலமைச்சர். சங்கரய்யா சபையில் மார்க்சிஸ்ட் கட்சி உறுப்பினர்களுக்குத் தலைவர். அந்த வருஷம் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் நிறைவேறியது. சாரம் இதுதான்: 24 காலண்டர் மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளியை நிரந்தரம் ஆக்க வேண்டும்.

கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 24 மாதம் என்பது சுமார் 730 நாள். வார விடுமுறை 104ஐக் கழித்தால் 626. அதில் 480 என்றால் நான்கில் மூன்று பங்குக்கு மேல். அதாவது, இரண்டு வருஷம் ஒழுங்காக வேலைக்கு வந்தவன் தற்காலிகத் தொழிலாளி இல்லை, அந்த வேலையும் தற்காலிக வேலை இல்லை என்று சட்டம் சொல்கிறது. எவ்வளவு சாதாரணமான நியாயம்!

இந்த 480ஐ நான் நம் கல்லூரியில் படிக்கவில்லை. தெர்மோடைனமிக்ஸ் படித்தேன், மெட்டலர்ஜி படித்தேன், நான்கு வருஷம் பட்டறையில் ஃபைல் பிடித்து ராவினேன். 480 என்ற எண்ணை முதன்முதலில் சொன்னது ஒரு வெல்டர் தம்பி. நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், இரவு ஷிஃப்ட் டீ நேரத்தில், "சார், போன மாசம் காய்ச்சல்ல பத்து நாள் வரல. நானூத்தி எண்பதை மறுபடி முதல்லேர்ந்து எண்ணணுமா?" என்று கேட்டான். எனக்கு என்ன கேட்கிறான் என்றே புரியவில்லை. சட்டப்பைக்குள் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தான். வந்த நாளுக்கெல்லாம் ஒரு கோடு. நான்கு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு, நாம் சரக்கு எண்ணுவோமே, அந்த மாதிரி.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். சில பக்கங்கள்தான். உடல்நலக்குறைவு, அனுமதி பெற்ற விடுப்பு, விபத்து, இவற்றால் நடுவில் நின்று போனால் தொடர்ச்சி அறுந்து போனதாக ஆகாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. மறுநாள் அந்தப் பையனிடம் சொன்னேன். தமிழில் எழுதியும் கொடுத்தேன். மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டான். பணியாளர் பிரிவில் விசாரித்தபோது, "உங்க வேலை உற்பத்தி, இது எங்க வேலை" என்று சிரித்தபடியே சொன்னார்கள். நோட்டில் கோடு 460ஐத் தாண்டியிருந்த வாரத்தில் அவன் கேட் பாஸ் புதுப்பிக்கப்படவில்லை. ஒப்பந்தக்காரர் மாறிவிட்டார் என்று காரணம். இப்போது பக்கத்திலேயே வேறோர் ஆலையில் இருக்கிறான். ரயிலில் பார்த்தால் வணக்கம் சொல்கிறான். நோட்டு புதுசு, கோடு ஒன்றிலிருந்து.

எல்லா ஆலையிலும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஒழுங்காக நிரந்தரம் செய்கிற முதலாளிகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஆர்டர் ஒரு மாதம் வந்து அடுத்த மாதம் வராமல் போனால் சிறு ஆலைக்காரர் படும் பாடும் எனக்குத் தெரியும். நான் சொல்ல வருவது வேறு. சட்டம் 1981இல் வந்துவிட்டது. அதை எண்ணி எண்ணி நடைமுறைக்குக் கொண்டுவரும் வேலை அன்றோடு முடியவில்லை. சட்டசபையில் ஐந்து சதவீதம் பேர் செய்கிற வேலை, ஒவ்வொரு வரியையும் படித்துக் கேள்வி கேட்கிற வேலை, கேட்டுக்குள்ளேயும் யாராவது செய்ய வேண்டியிருக்கிறது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2023 ஏப்ரல் 21 அன்று, தினசரி வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணிவரை நீட்டிக்க இடம் தருகிற தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியது. 2021இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தச் சபையில் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 2 பேர், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 2 பேர். இருவரும் ஆளுங்கட்சிக் கூட்டணிதான். ஆனாலும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். மற்றக் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. வெளியே எல்லாத் தொழிற்சங்கங்களும் குரல் கொடுத்தன. பத்தே நாளில், மே 1 அன்று, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மசோதா திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார். 234இல் 4 பேரால் ஓட்டெடுப்பில் ஜெயிக்க முடியாது. ஆனால் வெளியே ஆள் இருந்தால் ஓட்டெடுப்போடு விஷயம் முடிவதில்லை.

அதற்குப் பிறகு மத்திய அரசின் 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நல்லது என்பவர்களும் உண்டு, கெட்டது என்பவர்களும் உண்டு. படித்துவிட்டுச் சொல்கிறவர்கள்தான் குறைவு.

மறுபடி சங்கரய்யாவுக்கு வருகிறேன். சட்டசபைக் காலம் முடிந்த பிறகும் அவர் ஓயவில்லை. விவசாயிகள் சங்கத்தில் அகில இந்தியப் பொறுப்பு. 1995 முதல் 2002 வரை கட்சியின் மாநிலச் செயலாளர். அந்தப் பொறுப்பிலிருந்து இறங்கியபோது எண்பது வயது. 2021இல் தமிழ்நாடு அரசு தகைசால் தமிழர் விருதை ஏற்படுத்தி, முதல் விருதையே அவருக்குத் தந்தது. அதோடு வந்த 10 லட்சம் ரூபாயை அவர் கொரோனா நிவாரணத்துக்காக முதலமைச்சர் நிதிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைசியாகப் பட்டத்தின் கதை. எந்த மதுரையில் அவர் இறுதித் தேர்வை எழுத முடியாமல் போனாரோ, அந்த மதுரையிலுள்ள காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர முடிவு செய்தது. வேந்தரான ஆளுநரின் ஒப்புதல் வரவில்லை. 2023 நவம்பர் 2 அன்று நடந்த பட்டமளிப்பு விழாவை உயர்கல்வி அமைச்சர் புறக்கணித்தார். விழா அந்தப் பட்டம் இல்லாமலே நடந்தது. பதின்மூன்று நாள் கழித்து, நவம்பர் 15 அன்று, சங்கரய்யா சென்னையில் காலமானார். 102 வயது நடந்துகொண்டிருந்தது. அரசு மரியாதையோடு இறுதி நிகழ்ச்சி நடந்தது.

எண்பத்திரண்டு வருஷ இடைவெளியில் இரண்டு பட்டம் கைக்கு வராமல் போன மனிதர் அவர். நம் எல்லோருக்கும் பட்டம் இருக்கிறது, சட்டம் போட்டு வீட்டில் மாட்டியும் இருக்கிறோம். அதை வைத்து நாம் என்ன படித்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இறுதியாண்டு மாணவர்களே, இன்னும் சில மாதங்களில் உங்களில் பலர் கும்மிடிப்பூண்டியிலோ, தேர்வாய் கண்டிகையிலோ, அம்பத்தூரிலோ, ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரு ஷிஃப்டுக்குப் பொறுப்பேற்பீர்கள். இருபத்திரண்டு வயசில் உங்கள் கீழே முப்பது, நாற்பது பேர் வேலை செய்வார்கள். உள்ளூர்க்காரர், ஆந்திர எல்லையோரத்துக்காரர், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர். உங்களை "சார்" என்று கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான். மிகைநேரப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதும் நீங்கள்தான். விபத்து நடந்தால் அறிக்கை எழுதுவதும் நீங்கள்தான். கையெழுத்துப் போடுகிற காகிதம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள். அதற்குக் கட்சி வேண்டாம், கொடி வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு கோரிக்கை. வருஷா வருஷம் வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறோம். நேர்முகத் தேர்வில் எப்படி உட்கார வேண்டும், எப்படிக் கை குலுக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறோம். அதோடு சேர்த்து அரை நாள், தொழிற்சாலைச் சட்டங்கள் பற்றி ஒரு வகுப்பு வைக்கலாம். ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஆய்வாளர் ஒருவரை, தொழிற்சங்கக்காரர் ஒருவரை, நிர்வாகத் தரப்பிலிருந்து ஒருவரை, மூன்று பேரையும் ஒரே மேடைக்குக் கூப்பிடுவோம். மாணவர்கள் கேள்வி கேட்கட்டும். ஏற்பாட்டு வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். டீ, பிஸ்கட் செலவும் எங்கள் பேட்ச் பொறுப்பு. நண்பர்கள் தலையாட்டுகிறார்கள், எல்லோரும் சாட்சி.